பழங்காலக் கிரேக்கர்கள் தங்க நகைகளில் அவ்வளவு நுணுக்கமான வேலையை எப்படிச் செய்தார்கள்?

பொடி (தங்கத்தைவிடச் சீக்கிரம் உருகி ஒட்டும் பற்றாசுத் தூள்) வைத்து ஊதி நகைகளைப் பற்றவைக்கிற வேலை செய்பவன் நான். அதனால் கிரேக்க நகைகளில் என் கண் முதலில் தேடுவது ரவை வேலையைத்தான். கடுகைவிடச் சின்னத் தங்க உருண்டைகளைத் தகட்டின்மேல் வரிசை வரிசையாகப் பதித்திருப்பார்கள்.

ரவை உருட்டுவது கஷ்டமில்லை. தங்கக் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கி, கரித்தூளுக்குள் தூவி உலையில் வைத்தால் ஒவ்வொன்றும் உருகித் தானாகவே உருண்டுவிடும். அதை ஒட்டுவதில்தான் வித்தையே இருக்கிறது. நாங்கள் வைக்கிற பொடி ஒரு துளி கூடினாலும் உருகி ஓடி, ரவைகளுக்கு நடுவிலுள்ள சந்தை அடைத்துவிடும். அப்புறம் ரவை தெரியாது, மேடுதான் தெரியும். நல்ல கிரேக்க வேலையிலோ ஒவ்வொரு ரவையும் தகட்டைத் தொட்டும் தொடாமலும் தனித்தனியாக நிற்கும்.

அதற்கு அவர்கள் நம்பியது செம்புத் தாதுவை. மலக்கைட் மாதிரியான பச்சைக் கல்லை அரைத்து, பசையில் குழைத்து, ரவைகளை அதில் ஒட்டிக் காயவிடுவார்கள். சூடேறும்போது பசை கரியாகும். அந்தக் கரி தாதுவைச் செம்பாக மாற்றும். செம்பு பட்ட இடத்தில் மட்டும் தங்கம் 900 டிகிரி வாக்கிலேயே இளகிப் பிடித்துக்கொள்ளும். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். கரி நெருப்பையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு, தங்கம் சிவக்கிற நிறத்தைப் பார்த்தே அந்த இடைவெளிக்குள் சூட்டை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய மலைப்பு. ஐரோப்பாவில் மறந்துபோன இந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் ரோமின் காஸ்டெல்லானி என்ற பொற்கொல்லர் குடும்பம் மீட்கப் பாடுபட்டது. 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர்தான் சரியாகச் செய்து காட்டினார்.

நகையில் உள்ள கம்பியும் இப்போதுபோல அச்சுத் தகட்டின் துளை வழியே இழுத்தது இல்லை. மெல்லிய தகட்டுக் கீற்றை முறுக்கி, இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே உருட்டியது. லென்ஸில் பார்த்தால் கம்பியைச் சுற்றி ஒரு கோடு சுருளாக ஓடும். அச்சுக் கம்பியில் கீறல்கள் நீளவாக்கில் இருக்கும். பழைய நகை என்று சொல்லி விற்கும் போலிகள் பல இதில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால், 1830இல் கிரிமியாவின் கெர்ச் நகருக்கு அருகே குல் ஓபா புதைமேட்டில் கிடைத்த பதக்கங்களைப் பாருங்கள். இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ளது கிரேக்கத் தெய்வம் அத்தீனாவின் முகம். தலைக்கவசத்தின் நடுவே பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ், இருபுறமும் சிறகுள்ள குதிரைகள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலுக்காகச் சிற்பி ஃபிடியாஸ் செய்த அத்தீனா சிலை அழிந்துபோனது. அதன் தலைக்கவசம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்கிறவர்கள் இன்றும் இந்தப் பதக்கங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.