ரத்தத்தில் குறைந்தால் போதுமா?

கேள்வி: டாக்டரம்மா, என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. கிரிக்லர்–நஜ்ஜார் என்ற பிறவிக் காமாலை. தினமும் இரவெல்லாம் நீல விளக்குக்கு அடியில்தான் தூங்குகிறாள். ‘எலிகளில் காமாலையைக் குறைத்த புதிய மருந்து’ என்று செய்தி வந்தால் போதும், அண்ணி எனக்கு அனுப்பிவிடுவார். “இது நம்ம பிள்ளைக்கு ஆகுமா, பார்த்துச் சொல்லு” என்பார். நான் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எந்த எலி என்று பாருங்கள். பித்த நாளத்தைக் கட்டிவிட்டாலும் எலிக்குக் காமாலை வரும். ஈரலைக் கெடுக்கும் ரசாயனத்தைக் கொடுத்தாலும் வரும். உங்கள் அண்ணன் மகளின் கதை வேறு. காமாலைக்கு மஞ்சள் தரும் நிறமியான பிலிருபினை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு வெளியேற்ற யூஜிடி1ஏ1 என்ற நொதி வேண்டும். அது அவளுக்கு வேலை செய்யவில்லை. அடைப்பை நீக்கும் மருந்தோ ஈரல் புண்ணை ஆற்றும் மருந்தோ அவளுக்கு உதவாது.

அவளுக்கு இருக்கும் அதே குறையோடு பிறக்கும் எலி ஒன்று உண்டு. 1934இல் டொரண்டோவின் கானாட் ஆய்வகத்தில் வளர்ந்த எலிகளுக்கு நடுவே கன் என்பவர் கண்டெடுத்தது. அதனால் கன் எலி. மனிதரில் இந்த நோயை கிரிக்லரும் நஜ்ஜாரும் விவரித்தது அதற்கு அப்புறம், 1952இல்தான்.

நான் பல வருடம் கன் எலிகளோடு வேலை செய்தவள். காமாலையுள்ள ஆணையும், குறையை வெளியே காட்டாமல் சுமக்கும் பெண்ணையும் சேர்த்தால், ஒரே ஈற்றில் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் ரோஜா நிறம், மீதி மஞ்சள். மயிர் முளைக்காத தோல் வழியே அது அப்படியே தெரியும். ஒருமுறை ஒரு மருந்து கொடுத்த எலிகளுக்கு பிலிருபின் சட்டென்று இறங்கியிருந்தது. ஆய்வகமே துள்ளியது. ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களை ஃபாயில் சுற்றாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டோம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதைந்துவிடும். மருந்து எதுவுமே செய்திருக்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ரத்தத்தில் குறைந்த பிலிருபின் எங்கே போனது? 1950களில் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க சல்ஃபா மருந்து கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளே அதிகம் இறந்தார்கள். மூளையில் மஞ்சள் படிந்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் பிலிருபின் குறைவு! கன் எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ரத்தத்தில் பிலிருபினைப் பிடித்து வைத்திருப்பது அல்புமின் என்ற புரதம். சல்ஃபா அந்த இடத்தைப் பறித்துக்கொள்ள, பிடி விட்ட பிலிருபின் மூளைக்குள் இறங்கிவிட்டது. அதனால் ரத்தத்தில் உள்ள அளவை மட்டும் சொல்லி நிறுத்தும் எலிச் செய்தியை நான் நம்புவதில்லை. மூளையைப் பார்த்தார்களா, பித்தத்தில் வெளியேறியதா என்று தேடுவேன். நீல விளக்கு அந்தச் சோதனையில் தேறியது. வெளிச்சம் பட்ட பிலிருபின் உருமாறிப் பித்தத்தில் போவதையும் கன் எலிகளில்தான் கண்டார்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. யூஜிடி1ஏ1 மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றி ஈரலுக்கு அனுப்பும் சிகிச்சை, கன் எலிகளில் தேறி மனிதருக்கு வந்துவிட்டது. 2023இல் வெளிவந்த முடிவில் 5 பேருக்குக் கொடுத்திருந்தார்கள். கூடுதல் அளவு பெற்ற 3 பேரால் தினசரி விளக்கை நிறுத்த முடிந்தது. ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் ஈரல் இன்னும் வளரும். செல்கள் பெருகப் பெருக, போட்ட மரபணு நீர்த்துப்போகக்கூடும். இதை உங்கள் ஈரல் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அதுவரை விளக்கு நேரத்தில் ஒரு மணிகூடக் குறைக்க வேண்டாம். காய்ச்சல், சளி என்று எந்த மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சல்ஃபா, செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டும் அவளுக்கு ஆகாது என்று ஒரு சீட்டில் எழுதி அண்ணியின் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எலிகளை வதைக்காமல் முடியாதா?

பதில்: கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பாதி வேலையை முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். ரத்தத்திலிருந்து மூளைக்கோ பித்தத்துக்கோ போகும் பாதையை மட்டும் முழு உடலில்தான் பார்க்க முடிகிறது. நாங்கள் எலியை மயக்கத்தில் படுக்கவைத்து, காதருகே ‘டிக் டிக்’ ஒலி எழுப்பி, மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவு செய்வோம். பிலிருபின் நரம்பைத் தொட்டால் அந்த அலைகள் தாமதமாகும். மருந்துக்கு முன்னும் பின்னும் அதே எலியிடம் பார்க்கலாம். அதனால் வேறு பல எலிகள் தப்பின. காமாலைக் குழந்தைகளின் காதைப் பரிசோதிப்பதும் இதே முறையில்தான்.