வானிலிருந்து ரோட்டைப் பார்க்கும் படிப்பு: ஒரு தாய்க்குப் பதில்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

ட்ரோனும் செயற்கைக்கோளும் எடுக்கும் படங்களில் எது நெடுஞ்சாலை, எது ஜங்ஷன், எது மேம்பாலம் என்று கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்லும் வேலைக்குத்தான் போவேன் என்று பிளஸ் டூ முடித்த மகள் அடம்பிடிக்கிறாள். "இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும். ஆனால் இதை மட்டும் செய்வதற்கென்று தனியாக ஒரு பதவி கிடைப்பது அபூர்வம். வரைபட நிறுவனங்கள், நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கும் கம்பெனிகள், செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் ஹைதராபாத் தேசிய தொலையுணர்வு மையம் போன்ற இடங்களில் நடக்கும் பெரிய வேலையில் இது ஒரு பகுதி. அதனால், ஆறே மாதத்தில் இதைச் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்று உங்களிடம் பணம் கேட்கிற பயிற்சி மையத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும் விதத்தை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மகளிடம் பேச உதவும். பெரிய படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து 'சந்திப்பு', 'பாலம்', 'பார்க்கிங்' என்று பெயர் கொடுப்பார். அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினால், பிறகு புதுப் படத்துக்கு அதுவே பெயர் சொல்லும். கலிஃபோர்னியாவின் மெர்சிட் பல்கலைக்கழக வளாகத்தார் 2010-ல் வெளியிட்ட படத் தொகுப்பு இதற்கு நல்ல தொடக்கப் பாடம். 21 வகை, வகைக்கு 100 படம். நெடுஞ்சாலை, சந்திப்பு, மேம்பாலம், விமான ஓடுபாதை எல்லாம் அதில் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் அதை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்தால் ஒன்று அவளுக்கே புரியும்: அந்த 21-ல் மலைப்பாதை இல்லை. நம் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் ரோட்டை மூடிக்கொள்ளும். வானத்திலிருந்து பார்த்தால் ரோடு அங்கங்கே அறுந்து கிடப்பதுபோல் இருக்கும். கீழே இறங்கினால் மண் ரோடும் வறண்ட ஓடையும் ஒரே நிறம். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகு மேலிருந்து எடுக்கும் படத்தில் பாலம்தான் தெரிகிறது, அடியில் இருக்கும் ஜங்ஷன் பாதி மறைந்துவிடுகிறது. மல்கோவா மட்டுமே பார்த்துப் பழகிய பையனை மாங்காய் மண்டியில் செந்தூரம் பிரிக்க உட்கார வைத்த கதைதான். இந்த ஊர் ரோட்டைக் காலால் தெரிந்த ஒருவர் 'கம்ப்யூட்டர் இங்கே தப்பாகச் சொல்கிறது' என்று கண்டுபிடிக்க வேண்டும். என் கணிப்பில் இனி மதிப்பு அந்த ஆளுக்குத்தான். வெறுமனே பெயர் கொடுக்கும் வேலைக்குச் சம்பளம் குறைவு. படிக்கும்போது கைச்செலவுக்குச் செய்யலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது.

'எங்கள் மாணவர்கள் செய்த மாடல் 95 சதவீதம் சரி' என்று அந்தப் பயிற்சி மையத்தின் நோட்டீஸில் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாடல் என்றால் இப்படிப் படம் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர் புரோகிராம். நூறு படத்தில் தொண்ணூற்றைந்து நேர் ரோடு, ஐந்துதான் சந்திப்பு என்று வையுங்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 'நேர் ரோடு' என்று சொன்னாலும் 95 வந்துவிடும், ஒரு சந்திப்பைக்கூடக் கண்டுபிடிக்காமலே! ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

இனி படிப்பு. கட் ஆஃப் இடம் கொடுத்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (வரைபடத்தையும் வானிலிருந்து எடுத்த படத்தையும் கம்ப்யூட்டரில் கையாளும் படிப்பு) முதல் விருப்பம். இல்லையென்றால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ். சிவில் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சாலை என்றால் என்ன, சர்வே என்றால் என்ன என்று தெரிந்தவள் பைத்தான் என்ற புரோகிராம் மொழியையும் கற்றுக்கொண்டால் இந்த வேலைக்குப் பொருத்தமானவள். ஆசிரியர் யார், லேப் எப்படி என்று விசாரிக்காமல், பெயரில் ஏ.ஐ. இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியைப் பட்டியலின் உச்சியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பள்ளியில் அதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பற்றியும் கேட்டீர்கள். பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும், எடுக்கலாம். ஆனால் படத்தைப் படிக்க அது தேவையில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். டேராடூனில் உள்ள இந்திய தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளும், காசில்லாமல் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் முதல் வருடத்துக்குத் தாராளம்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கணக்கில் மேட்ரிக்ஸும் நிகழ்தகவும் அவளுக்குப் பிடிக்குமா, சகித்துக்கொள்கிறாளா என்பதையும் அவளையே எழுதச் சொல்லுங்கள். கவுன்சலிங்கில் கொடுக்கும் கல்லூரி சாய்ஸ் வரிசையை அதைப் பார்த்துப் போடுவோம்.