பிரத்தியேக வகுப்பு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் கணிதத்திலும் மலாய்மொழியிலும் பின்தங்கிய மாணவர்களுக்காக நிதி திரட்டியுள்ளோம். சனிக்கிழமைதோறும் முப்பது பேருக்கு இரண்டு மணி நேர வகுப்பு நடத்தித்தர ஒரு நிறுவனம் முன்வந்துள்ளது. தங்கள் முறை ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்கிறார்கள். நம்பலாமா, ஐயா?
– வாசகி, பினாங்கு

பதில்: அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள், சகோதரி. வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்தன என்று மட்டும் காட்டினால் அது சான்றாகாது. ஓராண்டில் எந்தப் பிள்ளையும் கொஞ்சமாவது வளரும். அதே நிலையிலிருந்து, வகுப்பில் சேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

தனிப்பயிற்சியைப் பற்றி இப்படி ஒப்பிட்டுப் பார்த்த 96 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பலன் உண்மையானது, பெரியது என்பதே அதன் முடிவு. ஆனால் பள்ளி நேரத்துக்குள் நடந்த பயிற்சி, பள்ளி முடிந்தபின் நடந்ததைவிடக் கூடுதல் பலன் தந்தது. ஆசிரியர்களோ பயிற்சி பெற்ற துணையாசிரியர்களோ நடத்தியவை, பெற்றோரும் தன்னார்வலர்களும் நடத்தியவற்றை விஞ்சின. வாரத்துக்கு மூன்று முறையாவது, அரை மணி நேரம், மூன்று நான்கு பேர் கொண்ட குழு, மாறாத ஒரே ஆசிரியர் என்பதே இத்துறையினர் இன்று பரிந்துரைக்கும் அமைப்பு. உங்களுக்குச் சொல்லப்பட்ட சனிக்கிழமை வகுப்பு இதில் எதற்கும் பொருந்தவில்லை. அது இன்னொரு வகுப்பறைதான்.

குழுவின் அளவை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று. எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறது. முப்பது பேர் இருக்கும் அறையில் அதற்குக் கிடைப்பது ஒரு சிவப்புக் கோடு. மூன்று பேர் மட்டும் இருந்தால், “எப்படிச் செய்தாய், சொல்லம்மா” என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் இருக்கும்; கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

செலவு அதிகமாகுமே என்பீர்கள். மும்பையிலும் வடோதராவிலும் பள்ளிக்கல்வி முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பின்தங்கிய பிள்ளைகளை நாள்தோறும் பள்ளி நேரத்திலேயே தனியே அமர்த்தி அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தார்கள். குழுக்கள் பெரியவைதாம், ஆனாலும் 2007இல் வெளிவந்த ஆய்வில் தெளிவான முன்னேற்றம் பதிவானது. உங்கள் வட்டாரத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, வகுப்பாசிரியரின் மேற்பார்வையில் அவர்களைப் பயிற்றுவிக்கலாம்.

இரண்டு பாடங்களையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். முதலில் கணிதத்தை எடுத்து, மிகவும் பின்தங்கிய பன்னிரண்டு பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு தவணை முழுவதும் விடாமல் நடத்துங்கள். தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் ஒரே கடினத்தில் அமைந்த சோதனையை, வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்தே வையுங்கள்.