வால்வில் தெரிவது இரத்தக் கட்டியா, கிருமிக் கட்டியா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதடைந்துள்ளது. மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. இதய ஸ்கேனான எக்கோவில் வால்வின் மீது 9 மி.மீ. வளர்ச்சி தெரிகிறது. ஒருவர் இரத்தக் கட்டி என்கிறார், இன்னொருவர் தொற்று என்கிறார். கட்டியைக் கரைக்க மாத்திரை கொடுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் வற்புறுத்துவதுபோல் உடனே வெளியூரில் அறுவை சிகிச்சை செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பழுதான வால்வும் நீடித்த காய்ச்சலும் சேர்ந்திருக்கும்போது, அந்த வளர்ச்சியைக் கிருமித் தொற்று என்றே முதலில் கருத வேண்டும். வெறும் இரத்த உறைவு பெரும்பாலும் இரத்தம் தேங்கும் இடத்தில், குறிப்பாக இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில் உண்டாகும். அந்த உறைவால் பொதுவாகக் காய்ச்சல் வருவதில்லை. கிருமிக் கட்டியோ வால்வின் இதழைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை அதைக் கரைக்காது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயத்தைக் கூட்டவே செய்யும்.

எக்கோ கட்டியைக் காட்டுமே தவிர, கிருமியின் பெயரைச் சொல்லாது. அதைச் சொல்வது, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் பிளட் கல்ச்சர் பரிசோதனை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி, மூன்று முறை இரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் என்று சொன்னவுடன் அசித்ரோமைசினோ செஃபிக்சைமோ ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக்கில் நான்கு மாத்திரை கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் சற்றுத் தணிந்து மீண்டும் வருகிறது. அதன்பின் எடுக்கும் கல்ச்சரில் பல நேரம் எதுவும் வளர்வதில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தும் படிப்பாருமில்லை, தட்டிக் கேட்பாருமில்லை. உங்கள் மனைவி ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால், அந்தக் காலி அட்டையை மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலில் கல்ச்சர், பிறகே ஆன்டிபயாடிக் என்ற இந்த விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் அதைத் தவறாகப் பயன்படுத்துவதால் விரித்தே சொல்கிறேன். இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுத் திணறி, நினைவு தடுமாறும் நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருப்பது வேறு, கல்ச்சருக்கு இரத்தம் எடுப்பது வேறு. எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். எடுத்த கையோடு ஊசியைப் போட்டுவிடலாம். ஆகவே, அவசரத்தில் கல்ச்சர் அனுப்ப இயலவில்லை என்ற வழக்கமான விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

தொற்று உறுதியானால் பொதுவாக 4 முதல் 6 வாரம் இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்த வேண்டியிருக்கும். காய்ச்சல் நின்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. வால்வு சிதைந்து இதயம் திணறினாலோ, மருந்துக்குத் தொற்று அடங்காவிட்டாலோ, பெரிய கட்டி துண்டாகிச் சிதறும் அபாயம் இருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இதய மருத்துவரும் அறுவை நிபுணரும்தான். நோயாளியை அனுப்பி வைத்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர் அல்லர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நீங்களே நேரில் விசாரியுங்கள். பதிவு செய்து தருகிறேன் என்பவரிடம் அட்டையையும் முன்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கிடையில் திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை செயலிழந்தாலோ உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதய வால்வில் தொற்று இருப்பதாகச் சந்தேகம் என்பதை நுழைந்தவுடனே சொல்லிவிடுங்கள். சாதாரணப் பக்கவாதத்துக்குப் போடும் உறைவு கரைப்பு ஊசி இவர்களுக்குக் கூடாது.