பிள்ளையைப் பிணை வைத்து ஒரு பயணமா?

கேள்வி: நான் உப்புவெளியில் முன்பள்ளி ஆசிரியை. வயது 31. கணவர் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிறார். அவருடைய அப்பா ஸ்பொன்சர் செய்து கிரீன் கார்ட் கிடைத்து நாலு வருஷம். அதற்குப் பிறகுதான் எங்கள் கல்யாணம். மகளுக்கு இரண்டரை வயது. அவளின் முதல் பிறந்தநாளுக்கு வந்துபோனவர், பிறகு லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. மனைவியை அங்கே குடியேறக் கூப்பிடுகிற ஐ-130 மனுவை எனக்குப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் முறை வரவில்லை. "விசிட் விசாவில் ஒருக்கா வா, மிச்சத்தை இங்கே வைத்துப் பார்ப்போம்" என்கிறார். அவருடைய கூட்டாளியின் மனைவி அப்படிப் போய் நின்றுதான் கிரீன் கார்ட் எடுத்தாவாம். டவுனில் ஒரு ஏஜென்சிக்காரர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். படிவத்தை அவரே நிரப்புவார். மனுப் போட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டால் போதும் என்கிறார். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனால் நான் திரும்பி வருவேன் என்று எம்பசியில் நம்புவார்களாம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலியைத் தவிர வேறு வருத்தம் இல்லை. கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். விசா கிடைக்குமா? மனுவுக்குப் பாதிப்பு வருமா?
பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக் கடிதமும் இரண்டு பக்கம். விசாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம், ஏஜென்சிக்காரரைப் பற்றி ஏழெட்டு வரி. மகளை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் 'நம்புவார்களாம்' என்று முடிகிறது.

யார் சொன்னது அந்த 'ஆம்'? ஏஜென்சிக்காரரா, கணவரா? மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னவர் யார் என்று எழுதிய உங்களுக்கு, இதற்கு மட்டும் ஆள் இல்லை. எழுதும்போதே உங்கள் கை கூசியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்தை நம்புங்கள். நகையை வங்கியில் ஈடு வைப்பது போல இரண்டரை வயதுப் பிள்ளையை ஈடு வைத்து விசா எடுக்கச் சொல்கிறார்கள். நகை அழாது.

சரி, அந்த ஈடாவது செல்லுமா என்று பார்ப்போம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசிட் விசா கேட்டு வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்றே அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். 'இல்லை, திரும்பி வருவேன்' என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இப்போது உங்களை அந்த ஜன்னலின் மற்றப் பக்கத்திலிருந்து பாருங்கள். கணவர் அங்கே. அங்கேயே குடியிருக்க விரும்புகிறேன் என்று சொல்கிற மனு அவர்களுடைய கோப்பில். இங்கே ஒரு முன்பள்ளிச் சம்பளம், அம்மாவின் வீடு, ஒரு குழந்தை. குழந்தையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீங்கள் சொன்னதும் அதிகாரி உருகிவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? இதே கதையை அவர் தினமும் கேட்கிறார். குழந்தைகளை அம்மம்மாவிடம் விட்டுப் போய்த் திரும்பாதவர்களின் கணக்கும் அவரிடம் இருக்கும். மனு இருந்தால் விசிட் விசா தரவே கூடாது என்று சட்டம் இல்லை, சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. உங்களைப் போல கணவன் அந்தப் பக்கம் இருக்கிற இளம் மனைவிக்கு மிகக் கடினம். கட்டணம் 185 டொலர், மறுத்தாலும் திரும்பி வராது. கொழும்புக்கு ராத்திரி ரயிலில் போய், காலி வீதியில் நின்று, சில நிமிஷத்தில் கையில் ஒரு தாளோடு வெளியே வருவீர்கள்.

உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டால் ஐ-130 மனுவுக்கு அதனால் பாதிப்பு இல்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். பாதிப்பு வருவது பொய்யால். விசிட் விசாவுக்கு நிரப்புகிற டிஎஸ்-160 படிவத்தில் உங்களுக்காக யாராவது குடிவரவு மனுப் போட்டிருக்கிறார்களா என்று நேராகவே கேட்கிறார்கள். ஏஜென்சிக்காரர் 'இல்லை' என்று போடலாம் என்கிறாரே, அந்த மனுவை உங்கள் கணவர் யாரிடம் போட்டார்? அதே அரசாங்கத்திடம். உங்கள் பெயர், பிறந்த திகதி, கல்யாணத் திகதி எல்லாம் அதில் இருக்கிறது. பொய் பிடிபட்டால் வாழ்நாள் தடை. அதற்கு மன்னிப்பு மனு என்று ஒன்று உண்டு, அது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை, கெதியாக முடிகிற காரியமும் இல்லை. இப்போது முறைக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். அப்போது மன்னிப்புக்காகக் காத்திருப்பீர்கள். ஒன்றரை லட்சம் வாங்குகிறவர் அந்த வரிசையில் உங்களோடு வந்து நிற்கமாட்டார்.

(கனடாவுக்குப் போனவர்களின் கதையை இதற்குள் கலக்காதீர்கள். அங்கே குடியேற விண்ணப்பித்திருப்பவர் தற்காலிகமாக வந்துபோக விரும்புவதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க விசிட் விசாவில் அப்படி ஒரு சலுகை இல்லை. ஒழுங்கையில் கேட்கிற கதை எந்த நாட்டுக் கதை என்று முதலில் கேளுங்கள்.)

இப்போது கணவரின் 'மிச்சத்தை இங்கே வைத்துப் பார்ப்போம்'. அந்த மிச்சம் என்ன என்று நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். கூட்டாளியின் மனைவி போய் நின்று கார்ட் எடுத்திருந்தால், அந்தக் கூட்டாளி அநேகமாக சிட்டிசனாக இருந்திருப்பார். சிட்டிசனின் மனைவி முறையாக விசாவில் நுழைந்து, திகதி தாண்டி நின்றுவிட்டாலும், அங்கிருந்தே விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் கணவர் கிரீன் கார்ட்காரர், நீங்கள் எஃப்2ஏ என்ற பிரிவு, கிரீன் கார்ட்காரரின் மனைவி பிள்ளைகளுக்கான வரிசை. உங்களுக்கு அந்த இடம் இல்லை. எயார்போர்ட்டில் கொடுக்கிற திகதி, வழக்கமாக ஆறு மாதம், தாண்டிவிட்டால் உள்ளே இருந்து கார்ட் கேட்க முடியாது. 180 நாளுக்கு மேல் திகதி தாண்டி நின்றுவிட்டு வெளியே வந்தால் மூன்று வருஷத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருஷம். ஆகவே அவர் மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: நீங்கள் போய் ஒளிந்த மாதிரி நிற்பது, கிரீன் கார்ட்டுக்கு ஐந்து வருஷம் நிரம்பியதும் அவர் சிட்டிசனுக்கு விண்ணப்பிப்பது, அது கிடைத்த பிறகு உங்களுக்குக் கார்ட் எடுப்பது. நிற்கிற எண்ணத்தோடு விசிட் விசாவில் நுழைவதே ஒரு பொய் என்பதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். கணக்குப் பிழைக்காமல் எல்லாம் சரியாக நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

மகள் எங்கே?

இந்தத் திட்டத்தில் நீங்கள் நுழைய ஒரு சந்து இருக்கிறது, மகளுக்கு வாசலே இல்லை. நீங்கள் அங்கே இருக்கிற அத்தனை காலமும் அவளைப் பார்க்க வர முடியாது. வந்தால் தடை. இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கணவர் அறிந்திருக்கிறாரோ தெரியவில்லை. இப்போது எஃப்2ஏயில் உங்கள் மனுவோடு மகளும் கூடவே வரலாம். அவர் சிட்டிசன் ஆனதும் உங்கள் பிரிவு மாறும், வரிசை இல்லாமல் போகும், நல்லதுதான். ஆனால் அந்தப் பிரிவில் பிள்ளை தாயோடு சேர்ந்து வர முடியாது. மகளுக்குத் தனியாக ஒரு ஐ-130 வேண்டும். அவளுக்குத் தனி மனுப் போட்டிருக்கிறதா? உங்கள் கடிதத்தில் 'எனக்கு மனுப் போட்டு' என்றுதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு என்று விட்டுப் போகிற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் உங்களிடம் வருவாள்.

நான் 1990ஐப் பார்த்தவள். திருகோணமலைச் சனம் படகேறி இந்தியாவுக்குப் போன வருஷம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் மூத்தவனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டா. படகில் இடம் போதாது. நடுவில் ஒரு பெட்டை, மூன்று வயது. அவளை அம்மம்மாவிடம் விட்டு, "இரண்டு கிழமையில் ஆள் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனா. ஆள் அனுப்ப வழி வரவில்லை. ஏழு வருஷம் கழித்துத் தாய் வாசலில் வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன். பெட்டை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "இந்த அன்ரி எத்தனை நாளைக்கு நிற்பா?" அந்தத் தாய் குற்றவாளி இல்லை. பின்னால் சண்டை, முன்னால் கடல், அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, தங்கச்சி? ஒரு வரிசை. அவ்வளவுதான்.

நீங்கள் முன்பள்ளி ஆசிரியை என்பதால் எனக்கு இரட்டிப்புக் கோபம். ஜனவரியில் முதல் கிழமை வாசலில் விட்டுவிட்டுப் போகிற தாயைப் பார்த்து அழுகிற பிள்ளைகளைத் தூக்கி வைத்திருப்பது நீங்கள்தானே? அந்த அழுகை ஏன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அம்மா வந்துவிடுவா என்று பிள்ளைக்கு நாலு நாளில் பிடிபடுகிறது. உங்கள் மகளுக்கு எந்த மத்தியானம் என்று சொல்லப் போகிறீர்கள்?

அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளியில் வீட்டிலிருந்து கடல் எத்தனை அடி? இரண்டரை வயது ஓடுகிற வயது. முழங்கால் வலிக்காரி எப்படித் துரத்திப் பிடிப்பது? உங்களை வளர்த்த கடனை அவ முடித்துவிட்டா. இன்னொரு பிள்ளையை அவ தலையில் கட்டும் முன் அவவைக் கேட்டீர்களா என்றுகூடக் கடிதத்தில் இல்லை.

நேர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில் பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அதே மலைக்கு, கிடைத்த பிள்ளையை விட்டுப் போக வரம் கேட்டுப் போவீர்களா? கோணேசர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவேன்.

குடும்பம் என்றால் ஒரு கூரை என்று நம்புகிறவள் நான். பழைய ஆள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. ஆகவே கணவனும் மனைவியும் சேர வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அவசரம். ஆனால் இந்த மூன்று பேரில் விசா கேட்காமல் பிளேன் ஏறக்கூடியவர் ஒருவர்தான். அவர் நியூ ஜேர்சியில் இருக்கிறார். கிரீன் கார்ட்காரர் ஒரு மாதம் ஊருக்கு வந்துபோவதால் கார்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. சிட்டிசனுக்கு எண்ணுகிற ஐந்து வருஷமும் முறியாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணத்தை அவர்கள் பெரிதாக எடுப்பதில்லை. உங்களுக்கு ஒரு டிக்கெட் எடுக்கக் காசு இருக்கிறது, ஏஜென்சிக்கு ஒன்றரை லட்சம் இருக்கிறது, தான் வர மட்டும் இல்லையா? லீவு இல்லை என்கிறார். மனைவியை ஒளித்து வைக்க வருஷக்கணக்கில் திட்டம் போடுகிறவர் முதலாளியிடம் மூன்று கிழமை கேட்கக் கூச்சப்படுகிறார். அப்பாவின் மனுவுக்காகக் கல்யாணம் கட்டாமல் பொறுத்திருந்துதான் அந்தக் கார்டை எடுத்திருக்கிறார். காத்திருப்பு என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குப் பொறுமை போனது பெரிதில்லை. அந்த விலையை மகளின் கணக்கில் எழுதியதுதான் பெரிது.

அவர் கோபப்படுவார். படட்டும். இந்தப் பக்கத்தை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், என்னைத் திட்டட்டும்.

காத்திருக்கிற காலத்தில் செய்ய வேலை இருக்கிறது. மனுவுக்கு வந்த ரசீதில் ஒரு திகதி இருக்கும், உங்கள் முறை அதை வைத்துத்தான். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதாமாதம் விடுகிற விசா புலட்டினில் எஃப்2ஏ எந்தத் திகதியில் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள், கூட்டாளிமாரைக் கேட்க வேண்டாம். மகளுக்கு இப்போதே தனி ஐ-130 போடச் சொல்லுங்கள். ஐந்து வருஷம் நிரம்ப 90 நாள் இருக்கும்போதே சிட்டிசன் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், அந்தத் திகதியை அவர் கலண்டரில் குறிக்கட்டும். மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரின் எழுத்தும் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று ஒருமுறை வடிவாகப் பாருங்கள். இந்தச் சின்னக் காரியத்தில் மாட்டி மாதக்கணக்கில் நின்றவர்கள் எனக்கு நிறைய எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன், நாளைக்கே அந்த ஏஜென்சிக்குப் போங்கள். டிஎஸ்-160ஐ ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் பிரதியை வாங்கி அந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டிருக்கிறார் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்கள் பெயரில்தான். 'இல்லை' என்று இருந்தால் அந்தப் படிவத்தோடு நேர்முகத்துக்குப் போகவே வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால், போனால் போகட்டும். பாஸ்போர்ட்டை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.