வ.உ.சி.: செக்குக்கு முன்னால் இருந்த கணக்கு

அன்புள்ள ஐயா,

வ.உ.சி. பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று கைபேசி முழுக்க அவர் சிறையில் செக்கிழுக்கும் படம்தான். இரண்டே நாளில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் ஸ்டேட்டஸ் அளவுக்குத்தானா அவரை நாம் வைத்திருக்கிறோம்? இப்படிப் பகிர்வதில் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பயன் உண்டு. பல பிள்ளைகளுக்கு அவர் பெயர் அறிமுகமாவதே அந்தப் படத்தால்தான். ஆனால் செக்கு, வெள்ளைக்காரர்கள் அவருக்குச் செய்தது. அவர் செய்தது கப்பல் கம்பெனி. அதைப் பற்றி யாரும் பகிர்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சிறு வியாபாரியும் கப்பலில் பங்குதாரர் ஆகலாம் என்பதற்காகப் போட்ட கணக்கு அது. முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. அதே வழியில் கப்பல் விட்ட வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கியதும் வாடகைக்கு விட்டவர்கள் கைவிரித்தார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் பிழைக்க முடியாது என்று தெரிந்து, பம்பாய் வரை அலைந்து பங்கு விற்றார். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்தது அப்படித்தான்.

பிறகு கட்டணச் சண்டை. கொழும்புக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் என்று வெள்ளைக்காரக் கம்பெனி இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா, அதாவது அரை ரூபாய் என்றது. உடனே அவர்கள் இலவசப் பயணம் அறிவித்து, ஏறுபவர் கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள்! பல துறைமுகங்களில் சம்பாதிப்பவன் ஒரு வழித்தடத்து நஷ்டத்தைத் தாங்குவான். இரண்டே கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு நடையும் கரிச் செலவு, கூலி, கடன். அந்த நேரத்தில் தலைவரையும் சிறையில் தள்ளினால் கம்பெனி எப்படி நிற்கும்? கடைசியில் காலியா எதிரியிடமே விலைபோனது.

மறதிக்குக் கைபேசியை மட்டும் குறை சொல்லாதீர்கள். 1908 மார்ச் 12இல் அவர் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது சிறை வாசலில் கூட்டம் இல்லை. இடையில் ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

நவம்பர் 18 அவருடைய நினைவு நாள். அன்றும் அந்தப் படத்தைப் போடுங்கள். கீழே '40,000 பங்கு, பங்கு 25 ரூபாய்' என்று ஒரு வரி சேருங்கள். இது என்ன கணக்கு என்று யாராவது கேட்டால், குடையிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.