என்.எஃப்.எஸ். மவுண்ட் ஆகிறது, ஆனால் எழுத விடமாட்டேன் என்கிறது. ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே பகிரும் என்.எஃப்.எஸ். மவுண்ட் ஆகிறது, ஃபைல்களும் தெரிகின்றன, எழுதும்போது மட்டும் ‘பெர்மிஷன் டினைடு’ வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஃபயர்வாலைக் குடைய வேண்டாம். என்.எஃப்.எஸ். பதிப்பு 4-க்கு டிசிபி 2049 போர்ட் ஒன்றே போதும், அது ஏற்கெனவே திறந்திருக்கிறது.

பயனர் எண்ணைப் பாருங்கள். வழக்கமான ‘சிஸ்’ பாதுகாப்பு முறையில், எழுத அனுமதிக்கலாமா என்று முடிவுசெய்ய சர்வர் எண்ணைத்தான் பார்க்கும், பெயரை அல்ல. கிளையண்டில் உங்கள் ஆப் ஓடும் பயனருக்கு 1001, சர்வரில் அதே பெயருக்கு 1004 என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை 1001 என்றே போகும். ஃபோல்டரோ 1004-க்குச் சொந்தம். சர்வர் மறுக்கத்தானே செய்யும்? இரண்டு பக்கமும் ‘ஐடி’ கட்டளையை ஓட்டி ஒப்பிடுங்கள். ‘எல்எஸ்’ கொடுக்கும்போது ‘என்’ தேர்வையும் சேர்த்தால் பெயருக்குப் பதில் எண்ணே தெரியும்.

எண் வேறாக இருந்தால் கிளையண்டில் ஆப்பை நிறுத்திவிட்டு ‘யூசர்மாட்’ கட்டளை கொண்டு பயனர் எண்ணை 1004 ஆக்குங்கள். ஹோம் ஃபோல்டருக்கு வெளியே கிடக்கும் பழைய ஃபைல்களை நீங்களேதான் ‘சௌன்’ கட்டளையால் புதிய எண்ணுக்கு உரிமை மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சர்வர்கள் நிறைய இருந்தால் பயனர் எண்களை ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் தரும் எல்டாப் வைத்துக்கொள்வதே நல்லது.

ரூட் ஸ்குவாஷ், கிளையண்டின் ரூட்டை (முழு அதிகாரம் உள்ள பயனரை) சர்வரில் தனி உரிமை இல்லாத ‘நோபடி’ ஆக்குகிறது, அதன் எண் பெரும்பாலும் 65534. ரூட் அல்லாத உங்கள் ஆப்புக்கு, ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ போட்டு அதை எடுப்பதால் ஒரு பலனும் இல்லை. ஆனால் ஒரு கிளையண்டில் ரூட் யார் கையிலாவது சிக்கினால், உங்கள் ஷேரில் ரூட் உரிமையுள்ள செட்யூஐடி ஃபைலைக்கூட (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) வைத்துவிடலாம். அது பெரிய ஆபத்து.

அப்புறம், எந்த ஷேர் யாருக்கு என்று சர்வரில் எழுதிவைக்கும் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ ஃபைலில் ஐபி முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் கிளையண்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான், அடைப்புக்குறிக்குள் எழுதியதெல்லாம் ஊருக்கே போய்விடும்! திருத்தியதும் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ்’ கட்டளையை ‘ஆர்ஏ’ தேர்வுடன் ஓட்டுங்கள்.

மவுண்டை ‘ஹார்ட்’ ஆகவே விடுங்கள். சர்வர் விழுந்தால் ஆப் தொங்கி நிற்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ‘சாஃப்ட்’ என்றால் நேரம் கடந்ததும் பிழை திரும்பிவரும், எழுதிக்கொண்டிருந்த டேட்டா கெட்டுப்போகலாம். பூட் சமயத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதை மவுண்ட் செய்வது என்று கிளையண்டில் எழுதிவைக்கும் ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலின் வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்தால் போதும்.